நம் பங்க் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பங்க்கில் நடந்தது உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். டீசல் ஸ்விஃப்ட் கார் ஒன்றுக்கு எங்கள் பையன் பெட்ரோல் போட்டுவிட்டான். தவறு எங்களுடையதுதான். பில்லைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி ஓரமாக நிறுத்தினோம், இன்ஜின் தப்பியது. டேங்கை இறக்கிக் கழுவிய செலவு முழுவதும் நாங்களே கொடுத்து, வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்டோம்.

ஆனால் சுற்றி வரும் செய்தியில் "கலப்பட டீசல்" என்று இருக்கிறதே, அதுதான் தூங்கவிடவில்லை. நாசில் (எரிபொருள் ஊற்றும் குழாய் முனை) மாறியதற்கும் கலப்படத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்பா காலத்திலிருந்து இங்கே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கலந்ததில்லை. சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். அதில் நல்ல பெட்ரோல் ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். அடர்த்தியையும் உங்கள் கண்முன்னே பார்த்துக் காட்டுகிறோம். அளவைச் சரிபார்க்க முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரமும் இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை. தயவுசெய்து வந்து கேளுங்கள்.

ஸ்விஃப்ட் தயாரிக்கும் மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பையன், ஸ்விஃப்ட் என்றாலே பெட்ரோல் என்று நினைத்துவிட்டான். பெட்ரோல் நாசில் மெல்லியது, டீசல் வண்டியின் டேங்க் வாயில் சுலபமாக நுழைந்துவிடும். அவன் படத்தைப் போட்டுத் திட்டியதை மட்டும் எங்களால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டான். ஆள் குறைவதால் இரவு 10 மணிக்கு மேல் பங்க் இருக்காது.

இனி நீங்கள் வாய்விட்டு "பெட்ரோல்" அல்லது "டீசல்" என்று சொன்ன பிறகுதான் நாசிலை எடுப்போம். வேறு எங்காவது இப்படி மாறிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே டேங்க்கில் உள்ள பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். டீசல் வண்டியின் ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பசை. பெட்ரோல் போனால் இரும்பும் இரும்பும் தேய்ந்து, அந்தத் தூள் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும். அப்புறம் செலவு பெரிது.

செய்தி பரவிய மறுநாள் காலையிலும் வழக்கம்போல் வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணன்களையும் பள்ளி வேன் ஓட்டுநர்களையும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை, "எப்பவும் போல போடுங்க" என்றார்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் பங்க் உரிமையாளர்