குரோஷாப் பைக்குக் கூலி யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் பெண்கள் பக்கத்தில், வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் வழிகளில் ஒன்றாக, கொக்கி ஊசி ஒன்றை வைத்துப் பின்னும் குரோஷாவில் பருத்தி நூல் தோள்பை பின்னுவது பற்றி எழுதியிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. கட்டம் கட்டமாகப் புடைத்த பின்னல், அகலமான வாய், தோளில் மாட்டிக்கொள்ள நீளமான வார். பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'நூல் செலவு போக ஒரு பைக்கு இருநூறு ரூபாய் வரை லாபம் கிடைக்கும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குத் தையலோடு குரோஷாவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றும் என் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துதான் இருக்கிறாள். அதனால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமான கணக்கு. போட்டே காட்டிவிடுகிறேன்.

காய்கறி, புத்தகம், குழந்தையின் மாற்றுத்துணி எல்லாம் கொள்ளுமாறு ஒரு பை என்றால், அடிப்பாகம் 15 அங்குலத்துக்கு 5 அங்குலமாவது வேண்டும். அப்படியானால் பையின் சுற்றளவு 40 அங்குலம். நான்கு மில்லிமீட்டர் ஊசியில் நெருக்கிப் பின்னினால் அங்குலத்துக்கு நான்கு கண்ணி விழும். ஒரு சுற்றுக்கு 160 கண்ணி. உயரம் 15 அங்குலம், அங்குலத்துக்கு நான்கு சுற்று என்று வைத்தால் 60 சுற்று. பெருக்கினால் 9,600 கண்ணி. இது பையின் உடம்புக்கு மட்டும்தான். கை பழகிய பெண் நிமிடத்துக்குப் பன்னிரண்டு கண்ணி போடுவாள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் அடிப்பாகம், வார், உள்ளே காடாத் துணி வைத்துத் தைப்பது, நூல் முனைகளை இழுத்து மறைப்பது. எல்லாம் சேர்ந்தால் ஒரு பைக்கு இருபது மணி நேரம். படத்தில் இருப்பதுபோல் புடைப்புப் பின்னல் என்றால் அதற்கும் மேலே போகும்.

இருநூறு ரூபாயை இருபது மணி நேரத்துக்குப் பிரித்துப் பாருங்கள். மணிக்குப் பத்து ரூபாய். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கூலியையாவது கொடுப்பதென்றால் ஒரு பைக்குக் கைக்கூலி மட்டும் 840 ரூபாய் ஆகிறது. கூலியைக் கழிக்காமல் மிச்சத்தை லாபம் என்று எந்த வியாபாரியும் எழுத மாட்டார். பெண்கள் பக்கத்தில் மட்டும் அப்படி எழுதிவிடுகிறோம்.

'வேலைவெட்டியை முடித்துவிட்டு சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே' என்று பதில் வரும் என்று தெரியும். என்னிடம் படித்த சில பெண்களிடம் ஒரு நகரத்துக் கடைக்காரர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நூல் அவர் தருவாராம், ஒரு பைக்கு நூற்றைம்பது ரூபாய் தருவாராம். 'டிவி பார்த்துக்கிட்டே பின்னிடலாமே!' அதில் ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், ஒத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சும்மா கிடைக்கிற காசுதானே" என்றார். சும்மா எங்கே கிடைக்கிறது? கழுத்து வலியும் கட்டைவிரல் வலியும் யாருக்கு?

இது இன்று நேற்று வந்த சங்கதியும் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாபுரம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற சரக்கு. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் எழுதினார்: வீட்டு வேலைக்கு நடுவே நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னும் அந்தப் பெண்களை ஊரும் வியாபாரியும் 'வீட்டில் இருப்பவர்கள்' என்றே சொல்கிறார்கள், பின்னல் பொழுதுபோக்குக் கணக்கில் போய்விடுகிறது, கூலியோ வயல் வேலைக் கூலியைவிட ரொம்பக் கீழே. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் நம் இணைப்பிதழில் அதே 'ஓய்வு நேரம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஸ்வெட்டர், பனியன், சாக்ஸ் எல்லாவற்றையும் இயந்திரம் பின்னும். குரோஷாவை அப்படிக் கடைச் சரக்காகப் பின்னித் தள்ளும் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. திருப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம், 'எங்கள் ஊரில் குரோஷா மெஷின் ஓடுகிறதே' என்று. ஓடுகிறதுதான், எலாஸ்டிக்கும் லேஸ் பட்டையும் போடுகிற மெஷின் அது. பெயர்தான் குரோஷா, போடும் பின்னல் வேறு. ஊசி ஒரு கண்ணிக்குள் நுழைந்து, நூலை இழுத்து, மறுபடி சுற்றி, இரண்டு வளையத்துக்குள்ளும் ஒரே இழுப்பாக வெளியே வருவதை ஒரு கைதான் செய்தாக வேண்டும். ஆகவே, பெரிய கடையில் முந்நூறு ரூபாய்க்கு குரோஷாப் பை தொங்குகிறது என்றால் அதை எங்கோ ஒரு பெண் பின்னியிருக்கிறாள். கடை வாடகை, இடைத்தரகர், நூல் எல்லாம் போக அவள் கைக்கு என்ன போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் பையே பின்னக் கூடாதா? அப்படி யார் சொன்னது? நானே எத்தனையோ பின்னி மருமகளுக்கும் தங்கைக்கும் கொடுத்திருக்கிறேன். பின்னுகிறவர்களுக்கு உங்கள் கட்டுரை பாதியைத்தான் சொல்லியிருக்கிறது என்பது என் இரண்டாவது குறை.

'பருத்தி நூல்: தேவையான அளவு' என்று போட்டிருக்கிறீர்கள். ரசத்துக்கு உப்பா இது? சாயம் போட்ட நூலில் ஒரு லாட்டைப்போல், அதாவது ஒரு தடவை சாயம் ஏற்றிய தொகுதியைப்போல், இன்னொரு லாட் இருக்காது. பாதியில் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனால் அதே பச்சை கிடைக்காது. பையின் நடுவில் கோடு கிழித்தமாதிரித் தெரியும். இந்த அளவுப் பைக்குச் சாதாரணப் பின்னலென்றால் நானூறு கிராம், புடைப்புப் பின்னலென்றால் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். எங்கள் கரூரில் கோன் நூலை எடை போட்டு வாங்கலாம். நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல் கற்றை, எத்தனை என்ற கணக்கு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பத்தாம் நம்பர் நூலில் ஏழெட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் நான்கு மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியாக வரும். பனியன் கட்டிங் வேஸ்டைக் கிழித்து மறுபடி நூற்ற ஓ.இ. நூல் விலை மலிவு, தரைவிரிப்புக்கு நல்லது. பைக்கு வேண்டாம், இழை குட்டை, நாலு நாள் தோளில் உரசினால் பஞ்சு பஞ்சாக எழும்பும். வாங்குவதற்கு முன் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் கடையிலேயே விட்டுவிடலாம்.

அடுத்து, பருத்தியின் குணம். கம்பளி நூல் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பி வரும். பருத்தி நீண்டால் நீண்டதுதான். இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ தக்காளியும் போட்டுச் சந்தையிலிருந்து நடந்து வந்தால் பின்னிய வார் முழங்கால்வரை இறங்கிவிடும். இதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, நூல் சுற்றின் சீட்டில் சொல்லியிருக்கும் ஊசியைவிட ஒரு அளவு சின்ன ஊசி. இரண்டு, வாரைப் பையின் விளிம்பில் ஒட்டவைத்ததுபோல் தைக்காமல், அடிப்பாகத்தின் கீழாகப் போய் மறுபக்கம் ஏறிவரும் ஒரே பட்டையாக ஓட்டுவது. அப்போது பாரம் அடியிலிருந்து தாங்கும், விளிம்புக் கண்ணி கிழியாது. மூன்று, அந்தப் பட்டைக்குள் ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைப்பது. பாவாடை நாடா போதாது. நாடாக் கட்டிலுக்குப் போடுவார்களே, அந்தத் தட்டை நாடா இன்னும் கிடைக்கிறது, அதுதான் சரி.

புடைப்புக் கட்டங்கள் எப்படி வருகின்றன என்பதையும் கட்டுரையில் தாண்டிப் போய்விட்டீர்கள். பெண்கள் எனக்குப் போன் போட்டுக் கேட்டது அதைத்தான். வழக்கமாக ஊசியைக் கீழ்ச் சுற்றுக் கண்ணியின் தலைக்குள், அதாவது மேல் வளையத்துக்குள், விடுவோம். இங்கே தலையை விட்டுவிட்டு, கண்ணியின் தண்டை, அதாவது தலைக்குக் கீழே நிற்கும் உடம்பை, முன்பக்கமாக வளைத்து ஊசியை நுழைத்து எடுக்க வேண்டும். அந்தக் கண்ணி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அடுத்த நாலு கண்ணிக்குப் பின்பக்கமாக வளைத்து எடுத்தால் அவை உள்ளே போய்விடும். நாலு முன், நாலு பின் என்று இரண்டு மூன்று சுற்று ஓட்டிவிட்டு, அப்புறம் இடம் மாற்றிப் போட்டால் மூங்கில் கூடை முடைந்த தோற்றம் வந்துவிடும். தண்டில் வளைத்து எடுக்கிற கண்ணிக்கு உயரம் வேண்டும். அதனால் ஒரு சுற்று நூலை முதலில் ஊசியில் சுற்றிக்கொண்டு போடும் நெடுங்கண்ணிதான் இதற்கு ஆகும். குட்டைக் கண்ணியில் முயன்றால் விரல்தான் வலிக்கும். இந்தப் பின்னலில் துணி இரட்டைக் கனமாகி விறைப்பாக நிற்கும், சில்லறைக் காசு ஓட்டை வழியே விழாது. பைக்கு இதைவிட நல்ல பின்னல் இல்லை என்பது என் கட்சி. பாப்கார்ன் பாப்கார்னாகக் குமிழ் வைப்பது பார்க்க அழகு, ஆனால் பஸ்ஸில் கம்பியிலும் கொக்கியிலும் மாட்டி இழுபடும்.

அடிப்பாகத்திலிருந்து சுவர் எழும்பும் இடத்தில் ஒரு சுற்று மட்டும் கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு நூலில் பின் நூலில் மாத்திரம் ஊசி விட்டு எடுங்கள். மடிப்பு தானாக விழுந்து பை நிமிர்ந்து நிற்கும். துவைத்தால் வாரைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட வேண்டாம். தண்ணீரின் கனமே நீட்டிவிடும். கட்டிலில் துண்டு விரித்துப் படுக்கவைத்து உலர்த்துங்கள்.

கட்டுரையில் மஞ்சப்பைக்கு மாற்று என்றும் ஒரு வார்த்தை வந்தது. அதுவும் பொருந்தவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பத்து ரூபாயைப் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். மஞ்சப்பை சில நிமிடங்களில் மெஷினில் தைக்கிற பை, ஊருக்கெல்லாம் போதுமான அளவில் தைக்கலாம். இருபது மணி நேரப் பையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்தி விலை பேசினால் பின்னுகிறவள்தான் தோற்பாள்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். இனி இந்தப் பக்கத்தில் கைவேலை எதைப் போட்டாலும், நூலின் நம்பரும் எடையும், ஊசியின் அளவும், பழகிய கைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் மேலேயே வரட்டும். விலை போடுவதானால் அந்த மணி நேரத்துக்கு அரசு அறிவித்த கூலியைச் சேர்த்துப் போடுங்கள். அப்படிப் போட்டால் இந்தப் பை நூல், காடா, நாடா எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எங்கள் ஊர்க் கடைவீதியில் அந்த விலைக்குப் போகாது என்பதும் எனக்குத் தெரியும். மகளிர் குழுக் கண்காட்சியில் போடுகிறவர்கள், பெரிய பைக்குப் பதிலாக மூன்று மணி நேரத்தில் முடியும் கைப்பேசி உறை, சில்லறைப் பர்ஸ் என்று தொடங்கினால் கூலியாவது கைக்கு வரும். பெரிய பையை அவரவருக்கென்றே பின்னிக்கொள்ளலாம். கேட்டு வருகிறவர்களுக்கு முழு விலை சொல்லலாம்.

திண்ணையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் ஆயிரத்து நூறு சொல்லியிருக்கிறாள். கேட்டவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கரூர்.