மலை ரயிலின் அழுக்கு கறுப்பு மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சிறுவர் இணைப்பில் அட்டையில் நீலகிரி மலை ரயில் மாதிரி செய்யும் முறை வந்திருந்தது. வெட்டுவது, ஒட்டுவது வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘பழையதாகக் காட்ட, தண்ணீரில் கரைத்த கறுப்பை மேலே பூசி அரை மணி நேரம் காயவிடவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குன்னூர் என்ஜின் ஷெட்டில் பிட்டராக, அதாவது பழுதுபார்க்கும் தொழிலாளியாக, இருந்தவனுக்கு அதைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

வண்டியில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதையில் நீராவி என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் மேலேறும். முன்பெட்டியின் கூரையைக் கரியாக்கினால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். என்ஜினை ஒட்டிய பெட்டியில் லேசாகப் புகைக்கறை காட்டலாம். சிலிண்டர், ராடு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குக் கரும்பழுப்பு. பிரேக் கட்டை அருகே துருத்தூள், அதற்குச் செம்பழுப்பு. நீலமும் க்ரீமும் அடித்த பெட்டியின் இடுக்குகளில் கறுப்பை விட்டால் கோடு கிழித்ததாகத்தான் தெரியும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்புச் சாயம் போதும்.

அட்டைக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். பிறகு ஒரு பங்கு அக்ரிலிக் பெயின்டுக்கு எட்டு, பத்து பங்கு தண்ணீர். டம்ளரில் பால் விடாத தேநீர் மாதிரி அடி தெரிய வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பொட்டு விட்டால் முத்து முத்தாக நிற்காமல் ஓடும், அதிகமானால் நுரைக்கும். மொத்தமாக மெழுகக் கூடாது. பிரஷ் நுனியை ரிவெட் ஆணித்தலையின் அடியில் தொட்டால் போதும், சாயம் தானே சுற்றி ஓடி உட்காரும். மிஞ்சியதை ஈரப் பிரஷால் உடனே ஒற்றி எடுக்கவும். விட்டால் காய்ந்து ஓரத்தில் வளையம் கட்டும்.

அரை மணிக் கணக்கு சென்னைக்குச் சரி. ஐப்பசி மழையில் குன்னூரில் சில நாட்களில் ராத்திரி முழுக்க விட்டாலும் பிசுபிசுப்பு போகாது. கடைசியாக அடிக்கும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷை மூடுபனியில் ஸ்ப்ரே செய்தால் வெண்மை பூத்து, செய்த வேலை அத்தனையும் பாழ். வெயில் வரும்வரை பெட்டியில் மூடி வைக்கலாம்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இதைச் செய்யத்தான் போகிறார்கள். அதற்குள் ஒரு இணைப்பில் இந்தத் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பிட்டர்,
குன்னூர்.