பூட்டிய கட்டடத்துக்கும் பொறுப்பாளர் வேண்டும்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருமுனை வணிக வளாகம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஷட்டரின் அடிப்பகுதி துருப்பிடித்துப் பெயர்ந்து, பிள்ளைகள் உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அதன் மொட்டைமாடியில் தேங்கிய நீர் தெரிகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆளே வராத கதவில் உள்ளாட்சி நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

காலிக் கட்டடங்களைப் பதிவு செய்வதை உள்ளாட்சி கட்டாயமாக்க வேண்டும். பொறுப்பாளரின் தொலைபேசி எண் வாசலில் இருக்கட்டும். கெடு தாண்டினால் உள்ளாட்சியே சுத்தம் செய்து, செலவைச் சொத்து வரியோடு வசூலிக்கட்டும். ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் ஏறினால்தான், விலை ஏறட்டும் என்று பூட்டிப்போட்டவர்கள் அசைவார்கள். வாரிசு வழக்கில் சிக்கியவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தரலாம், பராமரிப்பில் கூடாது. முதலில் அந்த ஷட்டர் இடைவெளியை இந்த வாரமே அடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவர்