கதை சொன்னவர்களுக்கும், அந்தக் கதைக்குக் காவல் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

புலம்பெயர்ந்தோரும் அகதிகளும் தங்கள் கதைகளை உணவாலும் கலையாலும் படத்தாலும் பகிர்ந்துகொண்ட நிகழ்ச்சி நல்லபடியாக நிறைவேறியது. மேடை ஏறியவர்களுக்கு அரங்கம் கைதட்டிவிட்டது. இந்த மடல் பெரும்பாலும் மேடைக்கு வராதவர்களுக்கு. இதுபோல ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று, உங்கள் வேலையைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி கதை சொன்னவர்களுக்கு. சொன்னதற்கு மட்டுமல்ல, "இந்த இடம் வேண்டாம்" என்று தடுத்ததற்கும் சேர்த்து.

ஒப்புதல் வாங்கிய தன்னார்வலர்களே, ஒரே தாளில் ஒரே கையெழுத்தோடு நீங்கள் வேலையை முடித்துவிடவில்லை. பதிவு செய்ய ஒன்று, அரங்கில் காட்ட ஒன்று, இணையத்தில் ஏற்ற ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டீர்கள். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது வேறு. ஊரில் தங்கிவிட்ட அண்ணனைத் துரத்துகிறவன் இணையத்தில் பார்ப்பது வேறு. படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலில் பதிந்துகொண்டீர்கள். படத்தொகுப்பு முடிந்ததும் போட்டுக் காட்டி மறுபடியும் கேட்டீர்கள். பேசும்போது உறுத்தாத ஒரு வரி திரையில் வரும்போது உறுத்தலாம். இந்த இரண்டாம் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. போதாது. குரல், கையிலுள்ள தழும்பு, பின்னால் தெரியும் தெருப் பலகை, பிள்ளையின் பள்ளிச் சீருடை, இதில் எது ஒன்றும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலின் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கினால், தெரிந்தவர்கள் அதைப் பழையபடி திருப்பிவிட முடியும். அதனால்தான் ஒளிப்பதிவாளர் மாவு பிசையும் கைகளை மட்டும் எடுத்தார், அதுவும் மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு. கதை சொன்னவரின் அதே சொற்களை வேறொரு பெண் பேசிக் கொடுத்தார். கைபேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அதை நீக்கிய நண்பருக்குத் தனி வணக்கம்.

வழக்கறிஞர்களின் எச்சரிக்கை காலத்தால் செய்த உதவி. புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் விசாரணையில் ஒரு மாதத்தையும் படத்தில் வேறொரு மாதத்தையும் சொல்லிவிட்டால், அந்தச் சின்ன முரண்பாடே அவர் சொல்வது அத்தனையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். பெரும் துயரத்தில் நாள் கணக்கு மறப்பது இயல்புதான். ஆனாலும் எல்லா அதிகாரிகளும் அப்படிப் பார்ப்பதில்லை. தேதிகளையும் வந்த வழியையும் எடுத்துவிடச் சொன்னீர்கள். எடுத்த பிறகும் கதை முழுசாகவே நின்றது.

சமையல் பொறுப்பேற்ற அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் எப்படி நன்றி சொல்வது! ஆறு பேருக்குச் சமைத்துப் பழகிய பக்குவத்தை 120 பேருக்கு விரிக்கும்போது எல்லாவற்றையும் இருபதால் பெருக்கினால் குழம்பு நீர்த்துப்போகும். அண்டாவின் கொள்ளளவு பெருகுகிற அளவுக்கு அதன் வாய் அகலம் பெருகுவதில்லை, ஆகவே ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு குறைவு. நீங்கள் தண்ணீரைக் குறைத்து, உப்பையும் காரத்தையும் முக்கால் பங்கில் தொடங்கி, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டினீர்கள். யாரிடமும் எழுதி வைத்த அளவு கிடையாது, கைப்பிடியும் சிட்டிகையும்தான். பக்கத்தில் தராசோடு நின்று, கை பானைக்குள் போகும் முன் ஒவ்வொரு பிடியையும் நிறுத்து கிராமில் எழுதிய இளைஞர்கள் இல்லாவிட்டால் சமையல் குறிப்பு அட்டைகளே வந்திருக்காது.

பெரிய பாத்திரத்தில் ஆபத்து ஆறும்போதுதான். மேலே ஆறிவிடும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும், கிருமி பெருகுவதும் அங்கேதான். முந்தின நாள் கொதித்ததை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டுகளில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரி செல்சியசுக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கினீர்கள். மறுநாள் 75 டிகிரி வரை சூடேற்றி, பந்தி முடியும்வரை 60க்குக் கீழே விடவில்லை. சோற்றை மட்டும் முந்தின நாளே வடிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை, சரியான பிடிவாதம். அரிசியில் கொதித்தாலும் சாகாத நுண்வித்துகள் உண்டு. சோறு வெளியே கிடந்து ஆறினால் அவை முளைத்து வெளியிடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. எள், வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை சேர்ந்தவற்றுக்குச் சீட்டு ஒட்டியதோடு நிற்காமல், கரண்டி பாத்திரம் மாறாதபடி நூலால் கட்டியும் வைத்தீர்கள்.

சமைத்தவர்களுக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பல நாடுகளில் புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர் வேலை செய்து சம்பளம் வாங்கக் கூடாது. நல்லெண்ணத்தில் கொடுக்கும் பணமே அவருக்கு வினையாகலாம். யாருக்குக் கூலி, யாருக்குப் பொருள் செலவும் பயணச் செலவும் மட்டும் என்று ஆள் ஆளாக விசாரித்துப் பிரித்துத் தந்த கணக்காளருக்கு எங்கள் கடன் பெரிது.

மொழிபெயர்ப்பாளர்களைத் தேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். மொழி ஒன்றாக இருந்தால் போதும் என்று யாரையும் உட்கார வைக்கவில்லை. பேச்சுவழக்கு எந்தப் பக்கத்தது, போரில் இருவர் குடும்பமும் எதிரெதிரே நின்றவையா என்பதுவரை கேட்டுத்தான் இணைத்தீர்கள். துணைத்தலைப்பில் 2 வரிக்கு மேல் கூடாது, ஒன்று 7 நொடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது என்னும்போது பேச்சைச் சுருக்காமல் முடியாது. எதை விடலாம் என்பதைச் சொன்னவரிடமே கேட்டுத் தீர்மானித்தீர்கள். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தின் துணைத்தலைப்புக் கோப்பு 25 சட்டகத்துக்கு ஏற்றதாக இருந்ததை ஒத்திகையில் கண்டுபிடித்தவர் பெரிய சங்கடத்தைத் தவிர்த்தார். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் எழுத்தும் குரலும் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிப்போகும். காசு கொடுத்து வாங்கிய குறுவட்டோ இணையச் சந்தாவோ பொதுவில் திரையிடும் உரிமை ஆகாது என்பதால், விநியோகஸ்தர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்றுத் தந்தவர்களுக்கும் நன்றி.

அரங்கப் பொறுப்பாளர்கள் படிக்கட்டு விளக்கை அணைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை, வெடிச்சத்தம் வரும் இடத்தை முன்பே அறிவித்தார்கள். கேள்விகளைச் சீட்டில் வாங்கி, "எப்படி வந்தீர்கள்?", "எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்பவற்றை எடுத்துவிட்டுத்தான் மேடைக்கு அனுப்பினார்கள்.

1975க்குப் பிறகு லாவோசிலிருந்து மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்த ஹ்மாங் மக்கள், அந்தப் பயணத்தையே துணியில் தைத்து வைத்தார்கள். அதைப் பார்த்துப் பிறந்தது எங்கள் தையல் வட்டம். அந்த வட்டத்தில் தைத்த துணிகளை ஆணியடிக்காமல், பருத்திப் பட்டையில் வெல்க்ரோ தைத்து, அந்தப் பட்டையை மேல் விளிம்பு நெடுகக் கையால் தைத்துத் தொங்கவிட்டீர்கள். எடை சீராகப் பரவியது, ஓர் இழையும் அறவில்லை. சாயம் வெளுக்காதபடி வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) வைத்தீர்கள். ஓவிய மூலையில் குழந்தைகளிடம் "நீ வந்த வழியை வரை" என்று யாரும் கேட்கவில்லை. தாளையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தீர்கள்.

விளக்கப் பலகைகளைத் திருத்தியவரின் கண்டிப்பும் நினைவில் நிற்கும். 2024 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. அதை "12 கோடி அகதிகள்" என்று எழுதினால் தவறு. அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். ஆண்டும் பிரிவும் இல்லாத எந்த எண்ணையும் அவர் சுவரில் ஏற விடவில்லை.

கடன் வாங்கிய துணிகளும் ஓவியங்களும் வந்த பெட்டியிலேயே, பெயர்ச்சீட்டோடு உரியவர்களிடம் திரும்பி வருகின்றன. வெட்டப்பட்ட காட்சிகளின் மூலக் கோப்புகளை அழித்துவிட்டு, சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம். கதை சொன்னவர்களில் யாருக்கேனும் மனம் மாறினால், காரணம் சொல்லவேண்டியதில்லை. உங்களிடம் ஒப்புதல் வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர்