பிரவுசரும் திரையும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாலையானால் கண் எரிகிறது, 27 அங்குல மானிட்டர் வாங்கலாமா, எந்தப் பிரவுசர் நல்லது என்று கேட்டிருந்தாய். இரண்டையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். பக்கம் எப்படித் தெரியவேண்டும் என்பதைப் படிக்கிற நீ தீர்மானிக்க எது இடம் தருகிறதோ அதை வாங்கு, அதை வைத்துக்கொள்.

முதலில் திரை. விற்பவர்கள் ஹெர்ட்ஸ், வளைவு, கான்ட்ராஸ்ட் என்று அடுக்குவார்கள். நாள் முழுக்க எழுத்து படிப்பவனுக்கு அவற்றைவிடப் பிக்சல் அடர்த்திதான், அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை ஒளிப்புள்ளி என்பதுதான், முக்கியம். 24 அங்குலத்தில் 1920 x 1080 என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080-ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் 82-க்கு இறங்கிவிடும். பெரிய திரை வாங்கி எழுத்தை மோசமாக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 27 அங்குலத்தில் 4கே (3840 x 2160) என்றால் அது 163. நம் எழுத்துக்கு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ணூ, ஞை, ணை இவற்றில் எத்தனை சுழி! பிக்சல் போதாதபோது சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; கண் பிரித்துப் பார்க்கப் பாடுபடுகிறது. 4கே வாங்கினால், எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைத்துப் பார், உனக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில மானிட்டர்கள் பின்விளக்கை உண்மையில் மங்கலாக்குவதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றி, மங்கலாகத் தோன்றச் செய்கின்றன. பலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குத் தலைவலியே வரும். இந்த மினுக்கல் (ஃப்ளிக்கர்) இல்லாத மாடலா என்று விசாரித்து வாங்கு. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிவிடும் ஓஎல்ஈடி திரை மீது ஆசை இருந்தால், படத்துக்கு அதைப்போல் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல ஓஎல்ஈடி பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களின் அமைப்பு வழக்கமானதாக இருக்காது. அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஸ்டாண்ட் மட்டும் சுழலக்கூடியதாகப் பார். நான் மானிட்டரை நெட்டுக்குத்தலாகத் திருப்பி வைத்திருக்கிறேன். 16:9 அகலத்தில் பக்கத்தின் இருபுறமும் வெற்றிடம்தானே கிடக்கிறது. திருப்பினால் நீண்ட கட்டுரை முழுசாகக் கண்ணுக்கு முன் நிற்கிறது.

இனி பிரவுசர். வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸை ஹாக்கோன் வியும் லீ என்பவர் 1994-இல் முன்மொழிந்தபோது, பக்கத்தை எழுதியவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் கலந்துதான் தோற்றம் அமையவேண்டும் என்று நினைத்தார். எழுத்தின் அளவும் நிறமும் உன் இஷ்டப்படியும் இருக்கலாம். எவ்வளவு பெருந்தன்மையான யோசனை பார்! படிப்பவர் தன் ஸ்டைல்ஷீட்டை (தோற்ற விதிகளின் பட்டியலை) வைத்துக்கொள்ளும் வசதியை க்ரோம் எப்போதோ எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் கொஞ்சம் தேடினால் இன்னும் கிடைக்கும்.

நான் ஃபயர்ஃபாக்ஸிலேயே இருப்பதற்கு இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் எஞ்சின், அதாவது பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரைகிற உள்பகுதி. ஓபரா தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினை 2013-இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020-இல், க்ரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. பெயர்ப்பலகைகள் பல இருந்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் குரோமியத்தின் எஞ்சினான பிளிங்க் ஒன்றுதான். மீதம் இருப்பவை ஆப்பிளின் வெப்கிட்டும், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் கெக்கோவும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 நினைவிருக்கிறதா? 2001-இல் வந்தது, அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. போட்டி இல்லாததால் அத்தனை வருடம் வெப் அப்படியே தேங்கி நின்றது. எல்லோரும் அந்த ஒரு பிரவுசருக்காகவே பக்கம் எழுதினார்கள். 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அந்தத் தேக்கம் திரும்பி வரக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிளிடமிருந்தே வருகிறது என்பது எனக்கும் கவலைதான். அதற்காக அதை விட்டுவிட்டால் மாற்று இன்னும் சுருங்கும். லேடிபேர்ட் என்று புதிதாக ஓர் எஞ்சினை அடியிலிருந்து எழுதுகிறார்கள், ஆவலாகக் காத்திருக்கிறேன்.

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போட்டுக்கொள். க்ரோமில் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு அதன் வசதி குறைந்த லைட் வடிவம்தான் ஓடுகிறது, ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடுகிறது. பக்கத்தின் எழுத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் ரீடர் வியூவையும் பழகிக்கொள்.

பழைய இணையம் செத்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தனக்குப் பிடித்ததைத் தன் சொந்தப் பக்கத்தில் ஆசையாக எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உன் கண்ணில் படவில்லை என்பதுதான் விஷயம், ஏனென்றால் எதை முதலில் காட்டுவது என்பதை நீ திறக்கிற ஆப் முடிவு செய்கிறது. கோபம் வரவழைக்கிற பதிவு மேலே ஏறுகிறது. நிதானமாக யோசித்து எழுதியது அடியில் போகிறது. முடிவே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகிற பக்கத்தில் நிறுத்த ஓர் இடம்கூடக் கிடையாது. நம் பொறுமையின்மையைக் குறை சொல்லாதே, அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அப்படி வரும் பதிவுகளைப் படிக்கப் பலர் வைத்திருந்த கூகிள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டபோது பலரும் அதோடு முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நீ நடக்கும்போது கேட்கிற பாட்காஸ்ட்கூட ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் வருகிறது. யாரைப் படிக்கவேண்டும் என்று நீ சேர்க்கிறாய், அவர் எழுதிய வரிசையிலேயே வருகிறது, தீர்ந்ததும் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துபோவது எவ்வளவு நிம்மதி என்பது பழகினால்தான் புரியும்.

நீயும் எழுது. எழுதினால் உன் சொந்த டொமைனில் (உன் பெயரில் வாங்கிய இணைய முகவரியில்) எழுது. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது லட்சக்கணக்கானவர்களின் பக்கங்கள் அதோடு போயிருக்கும்; தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. அடுத்தவர் இடத்தில் எழுதினால் கதவை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாத்தலாம்.

நான் ஆர்எஸ்எஸ்ஸில் படிக்கிற தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக இத்துடன் அனுப்புகிறேன். ஆர்எஸ்எஸ் படிக்கும் ஆப் எதிலாவது ஏற்றினால் எல்லாம் வந்துவிடும். அதில் கணிதப் பக்கங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன, உனக்குப் பிடிக்கும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, நீ கண்டுபிடிக்கிறவற்றைச் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்