பைபோலார் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பெற்றோர் அதிகம் கேட்டது, மனநிலை மிகையாக ஏறியும் இறங்கியும் மாறும் பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை பற்றித்தான் என்பதால், அதை விரிவாகவே பதிவு செய்கிறேன்.

ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் பிள்ளைக்கு மறுபடி மேனியா (மனநிலை மிகையாக எழும் கட்டம்) வரக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெபரின் தடவிய குழாயில் எடுத்தாலும் அளவு பொய்யாக ஏறும். என்ன பரிசோதனை என்பதை லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொதுவாக அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி மருத்துவர் பார்த்துக்கொள்வார். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) பரிசோதனைகளை 6 மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் எடுக்க வேண்டும்.

கோடையில் கூடுதல் கவனம் தேவை. வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கால் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். ஆகவே சஷ்டி விரதம், பழநி பாதயாத்திரை போன்றவற்றுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். கை நடுக்கம் அதிகமாகி, நாக்கு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது தூக்கம். பொதுத்தேர்வு நெருங்கும்போது விடிய விடியப் படிக்க வைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது; தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பிவிடும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்டதற்கு ஒரு டிக், இம்மூன்றையும் தினமும் நோட்டில் குறியுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து மூன்று, நான்கு மணி நேரமே தூங்கியும் பிள்ளை களைப்பில்லாமல் பரபரவென்று இருந்தால், அடுத்த தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். சுருக்கமாகப் பேசி, வண்டிச் சாவியையும் ஏடிஎம் கார்டையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக் கட்டத்தில் ஆபத்து வேறு விதம். லித்தியம் மொத்தமாக விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது. சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அதட்டாமல், மழுப்பாமல், நேராகவே கேளுங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது.

மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டு மனு எழுத சங்கம் உதவும்.

வரும் ஆண்டில், டிசம்பருக்குள் 10, 12ஆம் வகுப்பு ஆசிரியர்களைச் சந்தித்து, இரவு நேரச் சிறப்பு வகுப்பிலிருந்து நம் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்க நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்