புதுமுக மாணவருக்கு மொழித்துணை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படிக்கும் இடங்கள் இவை. பொங்கலுக்கும் வெசாக்கிற்கும் நோன்புப் பெருநாளுக்கும் கலைநிகழ்ச்சி நடத்துவது நல்லதுதான். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

எங்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மொனராகலைச் சிங்களப் பிள்ளைக்குச் சென்ற மாரியில் கடுங்காய்ச்சல். பாமசியில் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டதற்கு விரலைக் காட்டித்தான் பதில் சொன்னாள். என் மனைவி தெரிந்த சிங்களத்தில் பேசி மருந்து வாங்கினார். வீடு வந்ததும் அந்தப் பிள்ளை தேம்பி அழுதாள். சிங்களம் பேசும் பேராதனைக்கும் மாத்தறைக்கும் படிக்கப் போகிற எங்கள் பிள்ளைகளும் இதே பாடுதானே படுகிறார்கள்! இதற்கிடையில் பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். கிராமப் பாடசாலையில் தாய்மொழியில் படித்து வந்தவருக்கு, எந்த இனத்தவரானாலும், முதல் தவணை பெரும் மலைப்பு.

சிரேஷ்ட மாணவர் புதியவரைத் துன்புறுத்தும் பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், தடுத்தால் மட்டும் போதாது. புதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவும் ஆள் வேண்டும். ஒவ்வொரு புதுமுக மாணவருக்கும் வேற்றுமொழி பேசும் சிரேஷ்ட மாணவர் ஒருவரைத் துணையாக நியமிக்கலாம். பேச்சுத் தமிழ், பேச்சுச் சிங்கள வகுப்புகளுக்குப் புள்ளி வழங்கலாம். மனம் விட்டுப் பேச, தாய்மொழி தெரிந்த உளவள ஆலோசகர் கட்டாயம் வேண்டும். அடுத்த அணி உள்நுழையுமுன் நிருவாகங்கள் இவற்றைத் தொடங்க வேண்டும்.

வாசகர்,
செங்கலடி.